விண்டோஸிலேயே பழகியவருக்கு லினக்ஸைச் சிரமமில்லாமல் அமைத்துக் கொடுப்பது எப்படி?

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அதன் பிறகு பழைய கணினியை வீட்டிலுள்ள பெரியவர்களுக்காக, இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாற்ற நினைக்கிறவர்கள் பலர். தோற்றத்தை விண்டோஸ் மாதிரி ஆக்குவதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் சின்னமன் பதிப்பில் மெனு இடது கீழ் மூலையிலேயே இருக்கிறது, சீக்கிரம் பழகிவிடும். ஃபைல் சேவ் ஆகவில்லை, கடிதம் கலைந்துவிட்டது, தமிழ் அடிக்க வரவில்லை, பிரிண்டர் ஓடவில்லை: ஆள் மறுபடி விண்டோஸ் கேட்பது இவற்றால்தான்.

இரண்டு இயங்குதளங்களும் ஒரே கணினியில் இருக்கப்போகிறது என்றால், முதலில் விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை அணைத்துவிடுங்கள். அது இயங்கும்போது விண்டோஸ் முழுதாக மூடாமல் பாதித் தூக்கத்தில் நிற்கும். அதனால் 'டி' டிரைவ் லினக்ஸில் படிக்க மட்டுமே திறக்கும், எதையும் எழுத முடியாது. டிரைவைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டுத்தான் பயாஸில் (கணினி துவங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்பு) கை வைக்க வேண்டும்.

எம்.எஸ். ஆபிஸுக்குப் பதிலாக லினக்ஸில் வரும் லிப்ரே ஆபிஸில் கடிதம் கலைவதற்குப் பெரும்பாலும் எழுத்துருதான் காரணம். வேர்டில் பயன்படும் கேலிப்ரி எழுத்துரு இல்லாத இடத்தில் வேறு அகலமுள்ள எழுத்துரு வந்து உட்கார, வரிகள் நகர்ந்துவிடும். அதே அகலத்தில் அமைந்த கார்லிட்டோவையும் கேம்ப்ரியாவுக்கு ஈடான கலடியாவையும் சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடி நிறுவுங்கள். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட்/சேவ், ஜெனரல் என்று போய், எப்போதும் வேர்ட் வடிவத்தில் சேமிக்கும்படி மாற்றுங்கள். இல்லையென்றால் லிப்ரே ஆபிஸின் சொந்த வடிவமான ஓடிடி ஃபைலை அனுப்பிவிட்டு, எதிர்முனையில் திறக்கவில்லை என்ற பதிலைப் பெறுவார்கள். பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்த பழைய கோப்புகள் இருந்தால் அந்த எழுத்துருக்களையும் கூடவே கொண்டுவர வேண்டும். அவை யூனிகோடு அல்ல என்பதால், எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரியும்.

தமிழ்த் தட்டச்சில்தான் பலர் சறுக்குகிறார்கள். விண்டோஸின் தமிழ்த் தட்டச்சுச் செயலிகளான என்.எச்.எம். ரைட்டரோ அழகியோ பழகிய கைக்கு, விசைப்பலகைப் பட்டியலில் கிடைக்கும் தமிழ்நெட் 99 சரிப்படாது. அது விசைக்குரிய எழுத்தைத் தருமே தவிர, புள்ளியைத் தானாக இடாது. பல மொழிகளில் தட்டச்சிட உதவும் ஐபஸ் எம்17என் தொகுப்பை நிறுவி, ஐபஸ் அமைப்பில் தமிழ் என்பதன்கீழ் தமிழ்99-ஐச் சேருங்கள். அதில் ம-வை இருமுறை அடித்தால் 'ம்ம' வரும். ஆங்கில எழுத்துகளால் ஒலிப்பு முறையில் அடிப்பவர்களுக்கும் அங்கேயே தனி முறை உண்டு. மொழி மாற்றும் விசையை அவர்கள் ஏற்கெனவே பழகியதாகவே வைத்துக் கொடுங்கள்.

பிரிண்டரை நிறுவலுக்கு முன்பே சோதியுங்கள். பென்டிரைவிலிருந்து லினக்ஸை லைவாக, அதாவது நிறுவாமலேயே துவக்கி ஒரு பக்கம் அச்சிட்டாலே பாதி தெரிந்துவிடும். எச்பி லேசர்ஜெட் 1020 போன்றவை எச்பியின் லினக்ஸ் பிரிண்டர் மென்பொருளான எச்பிஎல்ஐபியின் கூடுதல் செருகியை நிறுவினால்தான் ஓடும். கேனான் எல்பிபி 2900 இன்னும் தொல்லை. அதன் சிஏபிடி டிரைவரோடு மல்லுக்கட்டும் பொறுமை இல்லையென்றால் விண்டோஸையும் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் கணக்கு மென்பொருளான டேலி ஓடுகிறது என்றாலும் அதேதான், அதற்கு நேரடி லினக்ஸ் பதிப்பு இல்லை.

கடைசியாக, கணினியின் நிலையை நகலெடுத்து வைக்கும் டைம்ஷிஃப்ட் செயலியை வாரம் ஒரு நகல் எடுக்கும்படியும், மூன்றை வைத்துக்கொள்ளும்படியும் அமையுங்கள். அப்டேட்டில் ஏதாவது உடைந்தால் முந்தைய நிலைக்குத் திரும்ப அது போதும். ஆனால் இயல்பான அமைப்பில் அது சொந்தக் கோப்புகளை நகலெடுப்பதில்லை. குடும்பப் படங்களுக்கு வெளி ஹார்ட் டிஸ்க்கில் தனி நகல் வேண்டும்.