விடோரின் டொக்காட்டா: வலக்கை இறுகினால்

வேகத்தை நிமிடத்துக்கு 100 தட்டுக்கு இறக்குங்கள். 118இல் இரண்டாம் பக்கத்திலேயே வலக்கை இறுகி ஸ்வரங்கள் ஒட்டிக்கொள்கின்றன என்கிறீர்கள். இந்த டொக்காட்டா இடம்பெறும், குழாய் ஆர்கனுக்கான 5ஆம் சிம்பொனியின் பழைய பதிப்பில் 118 என்று இருந்ததைப் பின்னாளில் 100 ஆக்கியவர் அதை இயற்றிய விடோரேதான். 1932இல், பாரிஸ் சான்-சுல்பீஸ் தேவாலயத்தில் அவரே வாசித்த ஒலிப்பதிவைக் கேளுங்கள். எவ்வளவு நிதானம், எவ்வளவு கம்பீரம்!

பெரும்பாலும் விரலை எடுப்பதில்தான் கோளாறு. ஆர்கனில் கட்டையை விடும்வரை ஒலி தேயாது. தட்டுக்கு 4 ஸ்வரம் என்பதால், 118இல் விநாடிக்கு ஏறக்குறைய 8 ஸ்வரம். நடுவே இடைவெளி விட நேரமே இல்லை. உடனே மணிக்கட்டு விறைக்கும்.

இப்படிச் சோதியுங்கள்:

1. கப்ளர்களை (ஒரு கட்டைவரிசையோடு இன்னொன்றை இணைப்பவை) எல்லாம் எடுத்துவிட்டு, ஒரே ஒரு 8 அடி ஃப்ளூட் ஸ்டாப்பில் (ஒரு குழாய் வரிசையை மட்டும் ஒலிக்கவிடும் குமிழ்) வலக்கையை மட்டும் 80இல் வாசியுங்கள்.
2. அப்போதும் குழம்பினால் கைப்பழக்கம்தான் காரணம். தெளிவாக வந்தால், கப்ளர் போட்டதும் கட்டையில் ஏறும் பாரம். சான்-சுல்பீஸ் ஆர்கனில் பார்க்கர் நெம்புகோல் (காற்றழுத்தத்தால் கட்டைக்கு உதவும் பொறி) அந்தப் பாரத்தைத் தாங்கிக்கொள்கிறது. சாதாரண மெக்கானிக்கல் ஆர்கனில் விரல்தான் தாங்க வேண்டும்.

எதிரொலி குறைந்த அரங்கில் 100ஐச் சற்றே தாண்டலாம். முன்கையில் வலி வந்தால் அன்றைய பயிற்சியை அத்தோடு நிறுத்துங்கள்.