அனிமேஷன் படிக்க ஆசைப்படும் மகள்: இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள்

திருமங்கலத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

காமர்ஸ் குரூப்பில் ப்ளஸ் டூ படிக்கும் மகள் அனிமேஷன்தான் படிப்பேன் என்கிறாள், பயிற்சி மையத்தில் மொத்தப் பணத்தையும் இந்த வாரமே கட்டச் சொல்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாதீர்கள். படிப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் அவள் வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது.

சாஃப்ட்வேர் யாருக்கும் சில மாதங்களில் பழகிவிடும். ஓர் அசைவு எவ்வளவு நேரம் எடுக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் கண் அவ்வளவு சீக்கிரம் வராது. சினிமாவில் ஒரு நொடிக்கு 24 பிரேம், அதாவது அடுத்தடுத்து ஓடும் 24 அசையாத படங்கள். கையால் வரைகிறவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தி, நொடிக்கு 12 படங்களில் வேலையை முடிப்பார்கள். ஆக, பழைய நோட்டின் ஓரத்தில் 24 பக்கம் ஒரு துள்ளும் பந்தை வரைந்து புரட்டினால் இரண்டு நொடி அசைவு. பந்து உச்சியில் இருக்கும்போது படங்கள் நெருக்கமாகவும், தரையை நெருங்கும்போது தள்ளித் தள்ளியும் இருக்க வேண்டும். சம இடைவெளியில் வரைந்தால் பந்துக்கு எடையே இருக்காது. இதை அவள் தன் கையால் வரைந்து பார்க்கட்டும்.

அப்புறம், உங்கள் தெருப் பரோட்டாக் கடை மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டு, கைப்பேசியை ஆடாமல் வைத்து, அவர் மாவு வீசுவதைப் பத்து நொடி எடுக்கச் சொல்லுங்கள். அதை ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பார்த்தால் தெரியும்: வீசுவதற்கு முன் கை சற்றுப் பின்வாங்கும், மாவின் ஓரம் கைக்குப் பிந்தியே வரும், பலகையில் விழுந்த பிறகும் கொஞ்சம் அசையும். ஆன்டிசிபேஷன், ஃபாலோ த்ரூ என்று வகுப்பில் நடத்தும் பாடம் இதுதான். அதே காட்சிக்குச் சத்தத்தை நீக்கிப் பார்க்கட்டும், பிறகு மழைச் சத்தம் சேர்த்துப் பார்க்கட்டும். படம் மாறாமலே மனநிலை மாறுவது புரியும்.

அவள் கைப்பேசியோடு உட்கார்ந்திருந்தால் உடனே திட்டிவிடாதீர்கள், என்ன எடுத்தாள் என்று கேளுங்கள். சில மாதம் கழித்தும் ஆர்வம் குறையவில்லை என்றால் பிளெண்டர் என்ற அனிமேஷன் சாஃப்ட்வேர் இருக்கிறது. இலவசம். நல்ல கணினி அப்போது வாங்கினால் போதும்.

வேலை பற்றிய உங்கள் பயம் நியாயமானது. விளம்பரம், செய்தி சேனல், சினிமா வி.எஃப்.எக்ஸ். (கணினியில் உருவாக்கிச் சேர்க்கும் காட்சிகள்), செல்போன் செயலி என்று இடங்கள் உண்டு. ஆனால் தொடக்கச் சம்பளம் குறைவாக இருக்கும், கெடு நெருங்கினால் இரவு வேலையும் இருக்கும். வேலை கேட்டுப் போனால் சான்றிதழைவிட அவள் செய்து வைத்திருக்கும் ஒரு நிமிட வேலையைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

படிப்புக்கு, சென்னை தரமணியில் அரசு எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தைப் பாருங்கள். அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு (என்.ஐ.டி.) தனி நுழைவுத் தேர்வு. ஐ.ஐ.டி.களின் வடிவமைப்புப் பட்டப்படிப்புக்கு யூசீட் தேர்வு எழுத வேண்டும். ப்ளஸ் டூவில் எந்தக் குரூப் என்றாலும் எழுதலாம், ஆனால் வினாத்தாள் ஆங்கிலத்தில், அதில் கையால் வரையும் பகுதியும் உண்டு. வழக்கமாகத் தேர்வு ஜனவரியில் நடக்கும், விண்ணப்பம் அதற்குச் சில மாதம் முன்பே முடிந்துவிடும். வயது வரம்பையும் தேதியையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.