சாலையின் அகலத்தில் யாருக்கு எவ்வளவு?

கேள்வி: பக்கத்துக்கு மூன்றாக ஆறு தடங்கள் கொண்ட சாலையில், இருபுறமும் ஒவ்வொரு தடத்தைப் பேருந்துக்கே ஒதுக்கத் திட்டமிடுகிறார்கள். மூன்று தடங்களிலேயே திணறும் வாகனங்கள் இரண்டில் எப்படிச் செல்லும்?

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் நகரச் சாலை பெரும்பாலும் திணறுவது நடுவழியில் அன்று, சந்திப்பில்தான். தடையின்றி ஓடினால் ஒரு தடத்தில் மணிக்கு ஏறத்தாழ 1,800 கார்கள் செல்லலாம். சந்திப்பில் பச்சை விளக்கு பாதி நேரமே எரியுமானால் அது 900 ஆகிவிடுகிறது. திரும்பக் காத்திருக்கும் ஒரே வாகனம் பின்னால் வருவோரை மறிப்பதால் அந்த 900-உம் முழுமையாகக் கிடைப்பதில்லை. ஆகவே, சந்திப்பை நெருங்கும் இடத்தில் திரும்புவோருக்குத் தனித்தடம் கொடுத்தால் இழப்பு ஓரளவு ஈடாகும். முழுமையாக ஈடாகும் என்று நான் சொல்ல மாட்டேன். கார்களுக்கான இடம் குறையத்தான் செய்யும்.

கூடுவது மனிதர்களின் எண்ணிக்கை. காருக்கு ஒன்றரைப் பேர் எனக் கொண்டால் 900 கார்களில் 1,350 பேர் பயணம் செய்கிறார்கள். அதே தடத்தில் நிமிடத்துக்கு ஒரு பேருந்து, அதில் 60 பேர் என்றால் 3,600 பேர். பேருந்து அப்படி வராவிட்டால் தடம் வெறிச்சோடிக் கிடக்கும், மக்களின் கோபமும் நியாயமாகிவிடும். எனவே தடம் ஒதுக்குவதும் பேருந்துகளைக் கூட்டுவதும் ஒன்றாகவே நடக்க வேண்டும். சியோல் நகரில் சொங்கேச்சொன் ஓடையின் மேலிருந்த விரைவுச்சாலைப் பாலத்தை 2003-இல் இடிக்கத் தொடங்கியவர்கள், 2004-இலேயே நகரின் பேருந்து வழித்தடங்களைத் திருத்தி, முக்கியச் சாலைகளின் நடுவே பேருந்துத் தடங்களையும் அமைத்தார்கள். பலரும் அஞ்சிய முடக்கம் அங்கே நேரவில்லை.

கேள்வி: மிதிவண்டிப் பாதைக்கு இடம் எங்கிருந்து வரும்?

பதில்: கணக்கிட்டுப் பார்ப்போம். தடத்துக்கு 3.5 மீட்டர் வீதம் ஆறு தடங்களுக்கு 21 மீட்டர். பேருந்துத் தடங்களுக்கு 3.3 மீட்டரும் மற்ற நான்குக்கு 3 மீட்டரும் கொடுத்தால் 18.6 மீட்டர் போதும். குறுகிய தடத்தில் ஓட்டுநர்கள் வேகத்தையும் குறைத்துக்கொள்கிறார்கள். ஆனால் மிச்சமாவது பக்கத்துக்கு 1.2 மீட்டர்தான். அதில் கோடு போட்டு மிதிவண்டிப் பாதை என்று பெயரிடுவது, ஓட்டுபவரைப் பேருந்தின் சக்கரத்தோரம் தள்ளுவதாகும். ஓரத்தில் கார்கள் நிறுத்தப்படும் 2.2 மீட்டரையும் சேர்த்தால் பக்கத்துக்கு 3.4 மீட்டர் கிடைக்கும்: உயர்த்திய மிதிவண்டிப் பாதைக்கு 2 மீட்டர், நடைபாதைக்குக் கூடுதலாக 1.4 மீட்டர். நாளெல்லாம் அசையாமல் நிற்கும் வாகனத்துக்காக, நகர்ந்துகொண்டிருப்பவர்களின் இடத்தை விட்டுக்கொடுப்பது எனக்கு ஏற்புடையதன்று. பேருந்து நிறுத்தங்களில் மட்டும் இப்பாதை நிறுத்தத்தின் பின்புறமாகச் செல்ல வேண்டும். இறங்கி வருவோருக்கு மிதிவண்டி வழிவிட வேண்டும்.

கேள்வி: முதியவர்கள் இச்சாலையைக் கடப்பது எளிதாகுமா?

பதில்: ஆகும். கார் நிறுத்துமிடங்களையும் சேர்த்து இன்று கடக்க வேண்டிய தூரம் 25.4 மீட்டர். வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு இது 21 வினாடி, 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கு 32 வினாடி. முன்னவரைக் கருதி சிக்னலை அமைத்தால் பின்னவர் நடுச்சாலையில் சிக்கிக்கொள்வார். புதிய அமைப்பில் வாகனங்கள் ஓடும் அகலம் 18.6 மீட்டராகக் குறைவதால் அவருக்கு 23 வினாடி போதும். திட்ட வரைபடத்தை உங்களிடம் காட்டும்போது, பச்சை விளக்கின் நேரத்தை எந்த நடைவேகத்தைக் கொண்டு கணக்கிட்டார்கள் என்பதை அவசியம் கேளுங்கள்.