இறகு டைனோசர்: போலி ஒன்று, உண்மை பல

கேள்வி: 'பறவைகள் டைனோசரிலிருந்து வந்தவை' என்று பள்ளிக் கண்காட்சிக்கு மகள் அட்டை தயாரிக்கிறாள். இறகு டைனோசரே சீன மோசடி என்கிறது ஒரு காணொளி. அட்டையை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். மோசடி நடந்தது உண்மை. அதை வைத்து எல்லாமே பொய் என்பதுதான் தவறு.

காணொளி பெரும்பாலும் ஆர்க்கியோராப்டர் என்ற போலிப் புதைபடிவத்தைத்தான் காட்டியிருக்கும். சீனாவின் லியாவ்னிங் மாகாணத்திலிருந்து கடத்தப்பட்ட இந்தக் கற்பலகை, 1999 தொடக்கத்தில் அமெரிக்காவின் டூசான் நகரில் 80,000 டாலருக்கு விலைபோனது. உடைசலாக விற்றால் காசு குறைவு, முழு விலங்கென்றால் அதிகம். அதனால் பறவை உடலோடு டைனோசர் வாலை ஒட்டிவிட்டார்கள். புதைபடிவக் கல்லைப் பிளந்தால் ஒரே எலும்பு இரண்டு பலகையிலும் பதிந்திருக்கும். அப்படிக் கிடைத்த ஒரே காலின் இரு பாதிகளை இடது கால், வலது கால் என்று வைத்திருந்தார்கள்! ஜூலையில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் எடுத்த சி.டி. ஸ்கேனிலேயே ஒட்டுவேலை தெரிந்தது. நேச்சர், சயன்ஸ் இரண்டு ஆய்விதழ்களும் இதைப் பற்றிய கட்டுரையை ஏற்கவில்லை. நேஷனல் ஜியாக்ரபிக்கோ நவம்பர் இதழில் பரபரப்பாக வெளியிட்டது. டிசம்பரில் சீன ஆய்வாளர் சூ சிங், அந்த வாலின் மறுபாதி வேறொரு உடலோடு இருப்பதைக் கண்டார். இறகு டைனோசர் ஆராய்ச்சியில் முன்னணியில் இருப்பவரே அவர்தான். அந்த உடலுக்கு 2000இல் மைக்ரோராப்டர் என்று பெயரிட்டார்கள். அதுவும் இறகுள்ள டைனோசர் இனமே.

பறவைகள் டைனோசரிலிருந்து வந்தவை என்ற கருத்து ஒரு கல்லை நம்பி நிற்பதல்ல. உடலில் இறகு போன்ற இழைகள் கொண்ட சீன டைனோசரான சைனோசாரோப்டெரிக்ஸ் 1996இலேயே வந்துவிட்டது. மங்கோலியாவில் கிடைத்த வெலாசிராப்டர் என்ற டைனோசரின் முன்கை எலும்பில் இறகு பொருந்தும் புடைப்புகள் வரிசையாக இருப்பதை 2007இல் காட்டினார்கள். அதில் ஒட்டுவதற்கு எதுவும் இல்லை. மணிக்கட்டிலுள்ள பிறை வடிவ எலும்பும், மார்பின் முன்பக்கத்தில் V வடிவில் இருக்கும் கவட்டை எலும்பும் பறவைகளுக்கும் இத்தகைய டைனோசர்களுக்கும் பொதுவானவை; இவை தனிச் சான்றுகள்.

நிஜமான சர்ச்சைகளும் உண்டு. சைனோசாரோப்டெரிக்ஸின் இழைகள் இறகல்ல, தோலடியில் இருக்கும் கொலாஜன் என்ற புரத நார்கள் என்று சிலர் வாதிட்டார்கள். 2010இல் அவற்றில், இறகுகளில் இருப்பதுபோன்ற நிறமித் துகள்கள் காணப்பட்டதும் அந்த வாதம் தளர்ந்தது. பறவைச் சிறகின் மூன்று விரல்கள், ஐந்து விரல்களில் டைனோசர்களுக்கு இருப்பதுபோல் 1-2-3ஆ, அல்லது 2-3-4ஆ என்ற வழக்கு இன்னும் ஓடுகிறது. இத்தகைய செய்திகளுக்குத்தான் 'கோட்பாடு தகர்ந்தது' என்று தலைப்பு வைக்கிறார்கள்.

அடுத்த முறை இப்படி ஒன்று வந்தால் ஆய்விதழின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு படிவம் தோண்டி எடுக்கப்பட்டதா, சந்தையில் வாங்கியதா, ஸ்கேன் செய்தார்களா? ஆய்விதழில் வந்தாலும் சில மாதம் பொறுக்கலாம். 2020 மார்ச்சில் நேச்சர் அட்டையில் 'மிகச் சிறிய டைனோசர்' என்று வந்த ஆக்குலுடென்டாவிஸ் கட்டுரையை ஜூலையில் திரும்பப் பெற்றார்கள். அது பல்லி.

அட்டையில் 'பறவைகள் தெரோபாட் டைனோசர்களின் ஒரு கிளை' என்று எழுதச் சொல்லுங்கள் (தெரோபாட் என்பது இரண்டு காலில் நடந்த, பெரும்பாலும் ஊனுண்ணிகளான டைனோசர் பிரிவு). டி. ரெக்ஸிலிருந்து கோழிக்கு அம்புக்குறி போடாதீர்கள். இரண்டும் தனித்தனிக் கிளைகள். டி. ரெக்ஸுக்கு உடல் முழுக்க இறகும் வேண்டாம், 2017இல் விவரிக்கப்பட்ட தோல் பதிவுகளில் இருப்பவை செதில்கள்.