கேள்வி – பதில்: கோலுக்கு முந்தின மூன்று விநாடி

என் பேரன் டொராண்டோவில் ஐஸ் ஹாக்கி ஆடுகிறான். 2010 நவம்பரில் பிறந்தவன், இடதுபக்க ஃபார்வர்டு. ஒரே சீசனில் 41 கோல் போட்டிருக்கிறான். மகன் அனுப்பும் வீடியோவில் எல்லாமே கோல்தான். திறமையுள்ள பையன்களைத் தேடும் ஸ்கவுட் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனாராம். இவன் தொழில்முறை ஆட்டக்காரன் ஆவானா?
— வாசகர், கோத்தகிரி

கோல் வீடியோவை ஓரமாக வையுங்கள் ஐயா. அது கல்யாண ஆல்பம் மாதிரி. சமையற்கட்டில் நடந்த சண்டை அதில் இருக்காது. மூன்று முழு ஆட்டங்களின் பதிவைக் கேளுங்கள். பேரன் களத்தில் இருந்த ஒவ்வொரு ஷிஃப்டும் வெட்டாமல் வேண்டும், கேலரியின் உயரத்திலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். ஷிஃப்ட் என்றால் களத்தில் இறங்கி மாற்று ஆளுக்கு வழிவிடும் வரை ஆடும் நேரம்; ஒரு ஷிஃப்ட் 40, 50 விநாடிதான். நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.

முதலில் அந்த 41-ஐப் பிரியுங்கள். எதிரணியில் ஒருவர் தண்டனையில் வெளியே இருக்கும்போது போட்டவை எத்தனை? கோலியை வெளியே எடுத்த பிறகு காலி வலைக்குள் தள்ளியவை எத்தனை? பட்டியலின் அடியில் கிடக்கும் அணிகளுக்கு எதிராக எத்தனை? இவற்றைக் கழித்தபின் நிற்பதே அவனுடைய கணக்கு. அசிஸ்ட்டும் அப்படித்தான். ஒரு கோலுக்கு இரண்டு பேர் வரை அசிஸ்ட் எழுதுவார்கள். கடைசிப் பாஸ் கொடுத்தவருக்கும் அதற்கு முந்தின பாஸ் கொடுத்தவருக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. தேயிலையில் கிலோவை மட்டும் பார்த்தால் முற்றிய இலையும் எடையில் சேர்ந்துவிடும் அல்லவா?

அடுத்து, ஒரு தாளில் ரிங்க் (பனி ஆடுகளம்) வரைந்து, ஒவ்வொரு கோலும் எங்கிருந்து அடித்தது என்று புள்ளி வையுங்கள். புள்ளிகள் வலைக்கு நேர் முன்னே குவிந்திருந்தால் நல்லது. தூரத்திலிருந்தும் ஓரத்திலிருந்தும் அடித்தவை அதிகமென்றால் கவலைப்பட வேண்டியதுதான். 14, 15 வயது கோலி குள்ளமாக இருப்பான், வலையின் மேல் மூலைகள் திறந்து கிடக்கும், தூரத்து ஷாட்டும் உள்ளே போகும். ஆறடி கோலி நிற்கும் லீகில் அதே ஷாட் மார்பில் பட்டு விழும். சின்ன வயதில் கோல் மழை பொழிந்தவர்கள் மேலே போனதும் வற்றிப்போவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இனி பக் (ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) அவனிடம் வருவதற்கு முந்தின மூன்று விநாடியைப் பாருங்கள். ஸ்கவுட் கண் வைக்கும் இடம் இதுதான். அந்த நேரத்தில் தோளுக்குப் பின்னால் எத்தனை தடவை திரும்பிப் பார்க்கிறான்? இரண்டு தடவை பார்த்தவனுக்கு பக் வரும்போதே அடுத்த பாஸ் தெரிந்திருக்கும். பார்க்காதவன் வாங்கியபிறகு யோசிப்பான். சிறுவர் லீகில் யோசிக்க நேரம் உண்டு. மேலே போகப் போக அந்த நேரம்தான் முதலில் பறிபோகும்.

இடதுபக்க ஆட்டக்காரனுக்கு இன்னொரு பரீட்சை உண்டு. சொந்தப் பகுதியில், பலகைச் சுவரை ஒட்டி உருண்டு வரும் பக்கை, முதுகில் எதிராளி இருக்கும்போது வாங்குவது. அவனுடைய ஸ்கேட் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். சுவரைப் பார்த்து நின்றால் எதிராளி அப்படியே அழுத்தி நிறுத்திவிடுவான். இடுப்பைத் திறந்து, முதுகைச் சுவருக்குக் காட்டி நின்றால் களம் முழுக்கத் தெரியும். தொட்ட கையோடு நடு ஆட்டக்காரனுக்குத் தட்டிவிடலாம். ஸ்டிக்கில் இடதுகையைக் கீழே வைத்துப் பிடிப்பவன் என்றால் இந்தப் பக்கை நேர்முகமாக வாங்குவான். வலதுகையைக் கீழே வைத்துப் பிடிப்பவன் என்றால் ஸ்டிக்கின் புறப்பக்கத்தில்தான் வாங்க வேண்டும். கஷ்டம்தான், ஆனால் மறுகோடியில் வலையை நோக்கி அடிக்க அவனுக்கு நல்ல கோணம் கிடைக்கும். பத்துத் தடவை இப்படி வந்தால் எத்தனை தடவை பக் பத்திரமாக வெளியே போகிறது என்று எண்ணுங்கள். 41 கோலைவிட இந்த எண் அதிகம் பேசும்.

பக்கைப் பறிகொடுத்தபின், ஸ்கேட்டால் பனியை உதைத்துத் தள்ளும் முதல் மூன்று உதைகளையும் பாருங்கள். முழங்கால் மடிந்து, உதை பக்கவாட்டில் போனால் ஸ்கேட்டிங்கின் அஸ்திவாரம் சரி. சும்மா வழுக்கிக்கொண்டு போனால் சோம்பல். எல்லா ஷிஃப்டிலும் 30-வது விநாடியில் நிமிர்ந்துவிட்டால் அது சோம்பலல்ல, தாக்குப்பிடிக்கும் சக்தி போதவில்லை. முன்னதைத் திருத்துவது கஷ்டம். பின்னதற்குப் பயிற்சி உண்டு.

இனி பிறந்தநாள் விஷயம். 2010-ல் பிறந்தவர்கள் எல்லோரும் ஒரே வயதுப் பிரிவில் ஆடுவார்கள். ஜனவரிப் பையன் உங்கள் பேரனைவிடப் பத்து மாதம் மூத்தவன். அந்த வயதில் பத்து மாதம் என்பது தோளிலும் தொடையிலும் தெரியும். கனடிய ஹாக்கியில் வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்கள் அதிகமாகத் தேர்வாவது பல காலமாகக் கவனிக்கப்பட்ட விஷயம். எனவே நவம்பர்ப் பையன் போட்ட கோலுக்கு மதிப்புக் கொஞ்சம் கூடுதல். பெரிய ஜூனியர் லீகான ஒண்டாரியோ ஹாக்கி லீகின் தேர்வில் அவன் 2010-காரர்களோடுதான் நிற்க வேண்டும், அதாவது 2026-ல். ஆனால் என்.எச்.எல். (வட அமெரிக்கத் தொழில்முறை லீக்) அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் டிராஃப்ட்டுக்கு, அது நடக்கும் ஆண்டின் செப்டம்பர் 15-க்குள் 18 நிரம்பியிருக்க வேண்டும் என்பது விதி. அதனால் அவன் முறை 2029-ல்தான் வரும். உடம்பு தேற ஓராண்டு கூடுதலாகக் கிடைக்கிறது.

ஸ்கவுட் வந்தார் என்பதை ஊரெல்லாம் சொல்ல வேண்டாம். அவர் எதிரணி கோலியைப் பார்க்க வந்திருக்கலாம். அதே ஸ்கவுட் மூன்றாம் முறை, அதுவும் வெளியூர் ஆட்டத்துக்கு வந்தால் விஷயம் உண்டு. ஆவானா என்ற கேள்விக்கு 15 வயதில் யாரும் உறுதி சொல்ல முடியாது. என்.எச்.எல். அணிகளே தவறவிட்டிருக்கின்றன: பின்னாளில் நட்சத்திரங்களான இருவரில் பாவெல் டட்சுக் 1998-ல் 171-வது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார், ஹென்ரிக் ஸெட்டர்பெர்க் 1999-ல் 210-வது.

பள்ளி ஹாக்கி அணியில் (ஐஸ் இல்லை, நம் ஹாக்கிதான்) ஒரு ஃபார்வர்டு நன்றாக வருகிறான். சமவெளியில் நடக்கும் விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அனுப்ப ஆசை. எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?
— உடற்கல்வி ஆசிரியர், குன்னூர்

நம் மலை மைதானங்களில் கல்லும் மேடும் பள்ளமும் அதிகம். பந்து துள்ளும், பிறகு தானாக வேகம் குறையும். அதற்குப் பழகியவன் நிமிர்ந்தே ஓடுவான், தள்ள வேண்டிய இடத்தில் ஓங்கி அடிப்பான். செயற்கைப் புல்லில் பந்து தாழ்வாக, வேகம் குறையாமல் வரும். முதல் இரண்டு மூன்று நாள் அவன் பந்தைத் தாண்டியே ஓடிவிடுவான். தேர்வாளர் கண்ணில் படுவது அந்த இரண்டு நாள்தான். முன்கூட்டியே பூப்பந்து அல்லது கூடைப்பந்து சிமெண்டுத் தரையில் தண்ணீர் தெளித்து, குனிந்த நிலையில் பந்தை நிறுத்தப் பழக்குங்கள், தினம் 20 நிமிடம். வழுக்கும் என்பதால் ஓட்டம் வேண்டாம், நின்று வாங்கினால் போதும்.

‘டி’ வட்டத்துக்குள், அதாவது 14.63 மீட்டர் வளைவுக்குள், பந்து வாங்கினால் முதல் தொடுகையிலேயே அது தடுப்பாளரை விட்டு விலகிப் போகிறதா? தொட்டதற்கும் அடித்ததற்கும் நடுவே எத்தனை தட்டல்? மூன்றுக்கு மேல் போனால் ஷாட் கிடைக்காது. கோல் போடாவிட்டாலும் பெனால்டி கார்னர் வாங்கிக்கொடுக்கும் பையனைக் கீழே இறக்கிவிடாதீர்கள். அதைக் கோலுக்குச் சமமாகவே குறித்து வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பீப் டெஸ்ட்டை (பீப் ஒலிக்கு ஏற்ப வேகம் கூட்டி ஓடும் தாக்குப்பிடிப்புச் சோதனை) குன்னூரில் வைத்துவிட்டு சென்னைப் பையன்களின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். 1,500 மீட்டருக்கு மேல் போகப் போக உடம்பு பயன்படுத்தும் ஆக்ஸிஜன் குறையும். குன்னூரோ 1,850 மீட்டர். 30 மீட்டர் ஓட்டத்துக்கு இந்தக் குறை இல்லை, அதை அப்படியே ஒப்பிடலாம். கீழே இறங்கினால் மூச்சு வாங்காது, வெயில்தான் சாய்த்துவிடும். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். முந்தின நாள் ராத்திரி பஸ்ஸில் ஏற்றி அனுப்பினால், மூன்றாவது கால்பகுதியில் பையன் இடுப்பில் கை வைத்து நிற்பான். உறவினர் வீடு இருந்தால் பத்து நாள் முன்பே அனுப்பி, காலை 9 மணி வெயிலில் ஓடவிடுங்கள். உப்பும் தண்ணீரும் சேரட்டும்.

ரோலர் ஸ்கேட்டிங் தெரியும். ஐஸ் ஹாக்கி ஆட முடியுமா? இங்கேதான் இவ்வளவு குளிருகிறதே!
— கல்லூரி மாணவி, கொடைக்கானல்

ஏரி உறையும் என்று காத்திருக்காதீர்கள். நம் உறைபனி புல்லோடு நின்றுவிடும். இந்தியாவில் இந்த ஆட்டத்தின் தாய்வீடு லடாக். இயற்கைப் பனித்தளம் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை தாங்கும். நம் பெண்கள் அணி 2025 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றது.

இரண்டிரண்டு சக்கரம் வைத்த ஸ்கேட் உங்களிடம் இருந்தால், நான்கும் ஒரே வரிசையில் உள்ள இன்லைனுக்கு மாறுங்கள்; உதையும் திருப்பமும் ஐஸுக்கு நெருங்கி வரும். நிற்பது மட்டும் வராது. ஐஸ் ஸ்கேட்டின் இரும்பு சுமார் 3 மில்லிமீட்டர் அகலம், நடுவே குழிவாகத் தீட்டியிருக்கும். அதனால் ஒவ்வொரு காலுக்கும் உள்விளிம்பு, வெளிவிளிம்பு என்று இரண்டு உண்டு. இரண்டு கால்களையும் குறுக்கே திருப்பி விளிம்பால் சுரண்டித்தான் நிற்க வேண்டும். சக்கரம் அப்படிச் சுரண்டாது, தடுக்கி விழுவீர்கள். ஐஸில் முதல் வாரம் முழுக்க இதற்கே போகும்.

கைவேலையை வீட்டிலேயே தொடங்கலாம். பக்கின் எடை 156 முதல் 170 கிராம். சாதாரண ஹாக்கிப் பந்து 156 முதல் 163. வழவழப்பான தரையில் அந்தப் பந்தையே, கீழே பார்க்காமல், இடமும் வலமும் தட்டிப் பழகுங்கள். லே நகரம் 3,500 மீட்டர் உயரம். கொடைக்கானல்காரர் என்றாலும் போய் இறங்கிய முதல் இரண்டு மூன்று நாள் ஸ்கேட்டைத் தொடாதீர்கள்.

14 வயது மகனை வெளிநாட்டு ஹாக்கி அகாடமியில் சேர்த்து, அங்கிருந்து லீகில் ‘செலக்‌ஷன்’ வாங்கித் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார்.
— வாசகி, ஊட்டி

கொடுக்காதீர்கள் அம்மா. அகாடமிக்குக் கட்டுவது பள்ளிக் கட்டணம் மாதிரி. அதற்கும் தேர்வுக்கும் சம்பந்தமில்லை. ஒண்டாரியோ போன்ற பெரிய ஜூனியர் லீகுகளில் தேர்வான பையனின் தங்குமிடச் செலவை அணியே ஏற்கும். வேண்டுமென்று கூப்பிடுகிற அணி உங்களிடம் பணம் கேட்காது.