குழந்தைப் புற்றுநோய் ஃபெலோஷிப்: மகளை அனுப்பலாமா என்று கேட்கும் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். குழந்தை மருத்துவ மேற்படிப்பை முடிக்கப்போகும் மகள், அடுத்து குழந்தைகளின் புற்றுநோய், ரத்தநோய் ஃபெலோஷிப்புக்கு, அதாவது மேற்படிப்புக்குப் பிறகான சிறப்புப் பயிற்சிக்குப் போகிறேன் என்கிறாள். இத்தனை வருஷம் படித்தது போதாதா என்பது ஒன்று. நாள் தவறாமல் பிள்ளைகள் சாவதைப் பார்த்தால் அவள் மனசு என்ன ஆகும் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் உங்களைத் தூங்கவிடவில்லை என்று தெரிகிறது. அதையே முதலில் பேசுவோம்.

நீங்கள் மனசில் வைத்திருக்கும் வார்டு பழைய வார்டு. ஏறக்குறைய எண்பது வருஷத்துக்கு முன் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைக்குச் சில வாரம், மிஞ்சினால் சில மாதம்தான் ஆயுள். அமெரிக்காவின் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, 16 பிள்ளைகளில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. கொஞ்ச காலத்துக்குத்தான். அதைப் பற்றி 1948-ல் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்த துறை இது. இன்றைக்குப் பிள்ளைகளுக்கு மிக அதிகமாக வரும் புற்றுநோய் லிம்ஃபோபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய். வசதியுள்ள நாடுகளில் அது வந்த பிள்ளைகளில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் பிழைத்துவிடுகிறார்கள். எல்லாக் குழந்தைப் புற்றுநோய்களையும் சேர்த்துப் பார்த்தால், பணக்கார நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறது என்றும், வசதி குறைந்த பல நாடுகளில் 30 சதவீதத்துக்கும் கீழே நிற்கிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மருந்து கண்டுபிடிக்கப்படாததால் வந்த இடைவெளி இல்லை இது. நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பது, மருந்து கைக்கு வராதது, பாதியிலேயே சிகிச்சையை விடுவது, பயிற்சி பெற்ற மருத்துவர் இல்லாதது ஆகியவைதான் காரணம். 2030-க்குள் உலகம் முழுக்கக் குறைந்தது 60 சதவீதப் பிள்ளைகளைப் பிழைக்க வைக்க வேண்டும் என்று அந்த நிறுவனம் 2018-ல் இலக்கு வைத்தது. உங்கள் மகளைப் போல் ஆட்கள் வராமல் அது நடக்காது.

ஆனாலும் சாவு இருக்கிறது, அதை நான் மூடி மறைக்க மாட்டேன். மூளைத்தண்டில் பரவும் ஒருவகைக் கட்டிக்கு இன்றும் குணப்படுத்தும் வழி இல்லை. குணமானது என்று அனுப்பிய பிள்ளை நோய் திரும்பி வந்து நிற்கும். இந்தத் துறையில் மனம் ஒடிந்து போகிறவர்கள் பெரும்பாலும் தனியாக விடப்பட்டவர்கள் என்பதுதான் நான் கண்டது. ஒரு பிள்ளை இறந்த மறுநாள் காலையில் மூத்த மருத்துவர் கூட உட்கார்ந்து பேசும் இடம் ஒன்று. ஒன்றும் நடக்காத மாதிரி அடுத்த கட்டிலுக்குப் போகச் சொல்லும் இடம் இன்னொன்று. இரண்டும் ஒரே சான்றிதழைத்தான் தரும். எங்கே சேர வேண்டும் என்பதில் எனக்கு இதுவே முதல் அளவுகோல்.

சரி, இத்தனை வருஷம் எதற்கு? குழந்தை மருத்துவம் முடித்தபின் அமெரிக்காவில் இந்த ஃபெலோஷிப் மூன்று ஆண்டு. பொதுவாக முதல் ஆண்டு முழுக்க நோயாளிகளோடு, மீதி பெரும்பாலும் ஆராய்ச்சியில். நாட்டுக்கு நாடு பெயரும் காலமும் மாறும். குழந்தை மருத்துவம் படித்தவருக்கே ஏன் தனியாகப் பயிற்சி என்றால், ஒரே ஒரு சின்ன அறையைக் காட்டுகிறேன். முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீருக்குள் மருந்து செலுத்தும் அறை அது. ரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைக்குப் பல முறை இது நடக்கும். உள்ளே போகவேண்டியது மெத்தோட்ரெக்ஸேட். அதே பிள்ளைக்கு ரத்தக்குழாய் வழியாகப் போகவேண்டிய இன்னொரு மருந்து வின்கிறிஸ்டின். வின்கிறிஸ்டின் தவறித் தண்டுவடத்துக்குள் போனால் பிள்ளை பிழைப்பது மிக மிக அரிது. உலகின் பல நாடுகளில் இது நடந்திருக்கிறது. அதனால்தான் வின்கிறிஸ்டினைச் சிரிஞ்சில் ஏற்றாமல் சின்னப் பையில் கலந்து சொட்டாக விடச் சொல்கிறார்கள். முதுகு ஊசி போடும் அறைக்குள்ளேயே அதை வரவிடுவதில்லை. பிள்ளையின் பெயர், மருந்து, அளவு, எந்த வழி என்று இரண்டு பேர் வாய்விட்டுப் படித்த பிறகே ஊசி கைக்கு வரும். முந்நூறாவது முறையும் அதே கவனத்தோடு படிக்கும் பழக்கம் புத்தகத்தில் வராது, அம்மா. கூட நின்று சொல்லித்தர ஆள் வேண்டும்.

இதுபோல் இன்னும் நிறைய. மருந்து ஆரம்பித்த முதல் ஓரிரு நாளில் புற்றணுக்கள் மொத்தமாக உடைந்து பொட்டாசியமும் யூரிக் அமிலமும் ஏறி, சிறுநீரகமும் இதயமும் தடுமாறலாம். ராத்திரி முழுக்க ரத்தப் பரிசோதனையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வெள்ளை அணு குறைந்திருக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் உடம்பில் ஏற வேண்டும்.

இந்த ஃபெலோஷிப் பெயரின் மறுபாதியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ரத்தநோய்கள்! தலசீமியா, ஹீமோஃபீலியா, சிக்கிள் செல் நோய், பிளேட்லெட் குறைவு. இந்தப் பிள்ளைகளைக் கைக்குழந்தையிலிருந்து கல்லூரி வரைக்கும் அதே மருத்துவர் பார்ப்பார். இப்போது வேகமாக மாறிக்கொண்டிருப்பதும் இந்தப் பக்கம்தான்: சிக்கிள் செல் நோய்க்கு மரபணுவைத் திருத்தும் சிகிச்சைக்கு 2023 கடைசியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. சில ஃபெலோஷிப்களில் புற்றுநோய்க்கே எல்லா நேரமும் போய்விடும். ரத்தம் உறைதல் சோதனைகளைப் படிக்கத் தெரியாமலே வெளியே வருவார்கள். அங்கே சேருவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஆகவே மகள் நேர்காணலுக்குப் போகும்போது அவளும் கேள்வி கேட்கட்டும். வருஷத்துக்குப் புதிதாக எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள்? எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை அங்கேயே நடக்கிறதா? ரத்த ஸ்லைடைப் பயிற்சியில் இருக்கும் ஃபெலோவே மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறாரா, அறிக்கை வரும்வரை காத்திருக்கிறாரா? ராத்திரியில் மூத்தவர் ஃபோனை எடுப்பாரா? வலியையும் கடைசிக் காலத்தையும் பார்த்துக்கொள்ளும் பேலியேட்டிவ் குழு உண்டா? பாதியில் விட்டுப் போனவர்கள் உண்டா, ஏன்? கடைசி இரண்டையும் துறைத் தலைவரிடம் கேட்பதைவிட, அவர் இல்லாத நேரத்தில் அங்கே படிக்கும் ஃபெலோக்களிடம் கேட்பது நல்லது.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இது பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளில் குழுவோடு செய்யும் வேலை. தனியாக கிளினிக் வைத்து வருமானத்தைப் பெருக்கலாம் என்ற கணக்கு இங்கே சரிவராது. விரும்பிய ஊரில் வேலை கிடைக்காமலும் போகலாம். இதை அவள் இப்போதே தெரிந்துகொண்டு வரட்டும்.

விண்ணப்பம் போடும் முன் ஒரு மாதமாவது அந்த வார்டில் வேலை பார்க்கச் சொல்லுங்கள். அதோடு, சிகிச்சை முடித்துப் பல வருஷம் ஆனவர்கள் வரும் கிளினிக்கிலும் சில நாள் உட்காரட்டும். சிறு வயதில் வாங்கிய மருந்தால் இதயம் எப்படி இருக்கிறது, பிள்ளை பெற முடியுமா என்று கேட்டு வரும் இளைஞர்களை அங்கே பார்ப்பாள். விண்ணப்பக் கடிதத்தில் உருக்கமான கதை வேண்டாம். தேர்வுக்குழு அதை நிறையப் படித்தாயிற்று. அந்த ஒரு மாதத்தில் தான் செய்தது என்ன, எதில் தடுமாறினாள், அப்புறம் எப்படிக் கற்றுக்கொண்டாள் என்று எழுதட்டும். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், உட்கார்ந்து படித்துத் திருத்தித் தருகிறேன்.