டிரம்ஸ் வகுப்பு: கேட்டதும் சொன்னதும்

இருபது வருஷமாகத் தனி வகுப்பு எடுக்கிறேன். டிரம் கிட் (கையாலும் காலாலும் வாசிக்கிற டிரம்ஸ் தொகுப்பு; சுருக்கமாக கிட்), கஹோன் (மேலே உட்கார்ந்து கையால் தட்டும் மரப்பெட்டி), கொஞ்சம் காங்கா (உயரமான கைமேளம்). மாணவர்கள் ஆறு வயதிலும் உண்டு, அறுபதைத் தாண்டியும் உண்டு. கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று: காதில் அடைப்பான் இல்லாமல் கிட் முன்னால் உட்காராதீர்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பையனுக்கு ஐந்து வயது. கையில் கிடைத்ததையெல்லாம் தட்டுகிறான். இப்போதே சேர்க்கலாமா?

தட்டாத குழந்தை ஏது? அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நான் பார்ப்பது வேறு. அவனோடு சேர்ந்து நடப்பேன். நடையை மெதுவாக்குவேன், அவன் கைதட்டலும் கூடவே மெதுவாகிறதா என்று கவனிப்பேன். ஆகிறது என்றால் சேர்க்கலாம். ஆனால் கிட் வேண்டாம், பெரிய கிட்டில் அவனுக்குப் பெடல் எட்டாது. முதல் ஆறு மாதம் கைதட்டல், வாய்ச்சொல், நடை, ஒரு பிராக்டிஸ் பேட், அதாவது அடித்துப் பழகும் ரப்பர் பலகை. வகுப்பு இருபது நிமிடம் போதும். அதற்கு மேல் அவன் கவனம் நிற்காது, என் பொறுமையும் நிற்காது.

எனக்கு 58 வயது. இனிமேல் வருமா?

வயோலா ஸ்மித் என்று ஒரு டிரம்மர் இருந்தார். 1912இல் பிறந்தவர், 2020இல் 107 வயதில் இறந்தார். முதுமையிலும் வாசித்தவர். அவர் சின்ன வயதிலேயே தொடங்கியவர் என்பீர்கள், சரிதான். ஆனால் இந்த வயதில் கை ஒத்துழைக்காது என்ற பயத்துக்கு அவர் பதில்.

உங்கள் வயதில் உண்மையான தொல்லை கையில் இல்லை. சொன்னது உடனே புரிந்துவிடும், கைக்கு அது போய்ச் சேர மூன்று வாரம் ஆகும். அந்த மூன்று வாரத்தில்தான் பெரியவர்கள் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். எட்டு வயதுக் குழந்தை தப்பாக வாசித்தால் சிரிக்கும். ஐம்பத்தெட்டு வயதுக்காரர் தப்பாக வாசித்தால் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்! கேட்காதீர்கள். தினம் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். ஆறு நாள் சும்மா இருந்துவிட்டு ஏழாம் நாள் இரண்டு மணி நேரம் அடிப்பதைவிட அது எவ்வளவோ மேல். தொடங்கும் முன் ஐந்து நிமிடம் மெதுவான சிங்கிள் ஸ்ட்ரோக் (வலது, இடது என்று மாறி மாறி ஓர் அடி), மணிக்கட்டு சூடாகும்வரை.

ஒரு பாட்டுக்கு வாசிக்க எத்தனை மாதம் ஆகும்?

தினமும் பயிற்சி செய்தால் ஓர் எளிய ராக் பீட்டை இரண்டு மூன்று மாதத்தில் பிடித்துவிடலாம். பாட்டு முடியும்வரை வேகம் கூடாமல் அதையே வாசிப்பதற்கு இன்னும் நாளாகும்.

எந்த கிட் வாங்கலாம்?

இப்போது எதுவும் வாங்காதீர்கள். ஒரு ரப்பர் பேட், ஒரு ஜோடி 5ஏ அளவுக் குச்சி, போனில் மெட்ரோனோம் (சீரான வேகத்தில் டிக் டிக் என்று அடிப்பது) போதும். கை சின்னதாக இருந்தால் 7ஏ. எண் பெரிதானால் குச்சி மெலியும். நல்ல ஸ்டூல் ஒன்று வாங்குங்கள். உட்கார்ந்தால் தொடை முழங்காலை நோக்கி லேசாகச் சரிய வேண்டும். ஸ்டூல் தாழ்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், கால் பெடலைச் சரியாக அழுத்தாது. முதல் நாளே கிட் வாங்கியவர்கள் வீட்டில் அதன்மேல் துணி காய்வதைப் பார்த்திருக்கிறேன்.

தலையணையில் பயிற்சி செய்தால் கை பலமாகும் என்கிறார்களே?

குச்சி துள்ளி எழும். அந்தத் துள்ளலைப் பயன்படுத்துவதுதான் நாம் கற்கிற வித்தை. தலையணையில் துள்ளலே கிடையாது. எப்போதாவது செய்யலாம், அதையே பிழைப்பாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருகிறார்கள். எலக்ட்ரானிக் கிட் வாங்கினால் சரியாகிவிடுமா?

பாதி சரியாகும். தோலுக்குப் பதில் வலை போர்த்திய பேடில் சத்தம் வெகுவாகக் குறையும். ஆனால் பெடலை மிதிக்கும் அதிர்வு தரை வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கும். மேல்மாடியில் குடியிருந்தால் கிட்டுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள். ஹெட்போனிலும் ஒலியைக் கூட்டிவைத்தால் காது போகும், அதையும் நினைவில் வையுங்கள்.

தினம் அரை மணிதான் வாசிக்கிறேன். அதற்கும் அடைப்பான் வேண்டுமா?

வேண்டும். 85 டெசிபெல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் தரும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 100 டெசிபெல்லுக்குப் பதினைந்து நிமிடம். சின்ன அறையில் கிட்டை ஓங்கி அடித்தால் அதைச் சுலபமாகத் தாண்டும். என் இடது காதில், அதாவது ஹை-ஹாட் (காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டு) இருக்கும் பக்கத்துக் காதில், பல வருஷமாக ஒரு ரீங்காரம். ராத்திரி விளக்கை அணைத்ததும் அது தொடங்கும். இளவயதில் அடைப்பான் போடுவது கௌரவக் குறைச்சல் என்று நினைத்ததன் பலன்.

இடக்கைக்காரி நான். கிட்டை இடவலம் திருப்பி வைக்க வேண்டுமா?

பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் இடக்கைக்காரர், வலக்கைக் கிட்டில்தான் வாசித்தார். ஜெனிசிஸ் குழுவின் டிரம்மர் ஃபில் காலின்ஸ் திருப்பி வைத்து வாசித்தார். இரண்டும் நடக்கும். அடுத்தவர் கிட்டில் உட்கார வேண்டிவரும் என்றால் திருப்பாமல் பழகுங்கள்.

எந்த கிட் வாங்கலாம்? பட்ஜெட் பிரச்சினை இல்லை.

மேலே பாருங்கள். பட்ஜெட் இருந்தால் இன்னும் நல்ல ஸ்டூல்.

மணிக்கட்டு வலிக்கிறது. வலித்தால்தான் வளரும் என்கிறார் மாஸ்டர்.

நிறுத்துங்கள், இன்றைக்கே. களைப்பு வேறு, வலி வேறு. பெரும்பாலும் காரணம் குச்சியை இறுக்கிப் பிடிப்பது. அடிப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்கட்டும், மற்ற விரல்கள் சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும். ஒரு வாரத்தில் வலி போகாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். மரத்துப்போனால் ஒரு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

தபலாவில் இடது கை...

எனக்குத் தெரியாது. தபலா ஆசிரியரைக் கேளுங்கள்.

வீடியோ பார்த்தே கற்றுக்கொள்ள முடியாதா?

நிறையக் கற்கலாம். ஆனால் வீடியோவுக்கு உங்கள் மணிக்கட்டு தெரியாது. மாதம் ஒரு முறையாவது யாரிடமாவது நேரில் வாசித்துக் காட்டுங்கள்.

எத்தனை மாதத்தில் டிரம்ஸ் வரும்?

மூன்றாவது கேள்வி.

எட்டு வருஷம் மிருதங்கம் கற்றவன். உங்கள் மாணவர்களுக்கு மெட்ரோனோம், நொட்டேஷன் (தாளில் எழுதிய இசைக் குறிப்பு) எல்லாம் எதற்கு? தகிட, தகதிமி என்ற சொல் வாயில் வந்துவிட்டால் கையில் வந்துவிடும்.

பாதிக்கு மேல் உங்கள் கட்சிதான் நான். நண்பர் ஒருவரிடம் சொற்கட்டு கற்ற பிறகுதான் என் வகுப்பே மாறியது. நீளம், குட்டை என்று தாவித் தாவி நடக்கும் ஷஃபிள் தாளத்தை விளக்க முன்பு பலகையில் கோடு போட்டுக்கொண்டிருப்பேன். இப்போது "தகிட தகிட" சொல்லச் சொல்கிறேன். பிறகு 'கி'யை வாய்க்குள்ளேயே விழுங்கச் சொல்கிறேன். த... ட, த... ட. அவ்வளவுதான், ஷஃபிள் வந்துவிட்டது. ஐந்து எண்ணிக்கைத் தாளத்துக்குத் "தகதகிட" போல இன்னொரு வழி நான் பார்த்ததில்லை. ஆனால் மெட்ரோனோம் வேண்டும். நீங்கள் வேகம் கூடி ஓடுகிறீர்களா என்று சொல் சொல்லாது.

தாளம் போடுகிற கை சொல்லுமே!

அதுவும் உங்கள் கைதானே? நீங்கள் ஓடினால் அதுவும் கூடவே ஓடும்.

பக்கத்தில் இன்னொருவர் தாளம் போடுவார்.

அவர்தான் உங்கள் மெட்ரோனோம். என் மாணவருக்கு வீட்டில் அப்படி ஓர் ஆள் கிடையாது, போன்தான் இருக்கிறது. அதையும் ஊன்றுகோல் ஆக்கக் கூடாது. நிமிடத்துக்கு 80 அடி வேகத்தில் வாசிக்கிறீர்கள் என்றால் மெட்ரோனோமை 40இல் வையுங்கள். விழுகிற அடியை இரண்டு, நான்கு என்று எண்ணிக்கொண்டு ஒன்றையும் மூன்றையும் நீங்களே நிரப்புங்கள். முதல் நாள் அழுகை வரும்.

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஜாஸ் வாசிக்கிறேன். ஸ்விங், அதாவது ஜாஸின் நீளம்-குட்டை நடை, சரியாகத் தகிடவில் உட்காராது. வேகம் கூடக் கூட அது சமனாகிவிடும்.

ஒத்துக்கொள்கிறேன். தகிட ஒரு வாசல், உள்ளே போன பிறகு காதுதான் வழிகாட்டும். நான் ஷஃபிளுக்குத்தான் சொன்னேன், ஆனாலும் உங்கள் திருத்தம் நல்லது.

வாய் ஒன்று, கிட்டில் கைகால் நாலு. எதைச் சொல்வது?

இன்றைக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி. "தகதிமி தகஜுணு" சொல்லுங்கள், ஒரு பார் (நாலு எண்ணிக்கைச் சுற்று) முழுக்க எட்டு எழுத்து. ஹை-ஹாட் எல்லா எழுத்திலும் விழும். ஸ்நேர் (இடது கை அடிக்கும் சின்ன டிரம்) 'தி'யிலும் 'ஜு'விலும். பாஸ் டிரம் (பெடலால் அடிக்கும் பெரிய டிரம்) முதல் 'த', அப்புறம் இரண்டாவது 'க'. வாய் சொல்வது ஒரே வரி, நாலு உறுப்பும் அதில் தங்கள் எழுத்தைப் பிடித்துக்கொள்ளும்.

என் மாணவர் ஒருவருக்கு அந்த இரண்டாவது 'க'வில் கால் விழும்போதெல்லாம் இடது கையும் சேர்ந்து விழுந்துகொண்டிருந்தது. இரண்டு வாரம் அதே கதை. ஒரு நாள் குச்சியை வாங்கி வைத்துவிட்டேன். கையைக் கட்டிக்கொண்டு வரியை மட்டும் சொல்லச் சொன்னேன், கால் எழுத்து இரண்டையும் மட்டும் உரக்க. தகதிமி தகஜுணு. பத்து நிமிடம். பிறகு குதிகாலால் தரையைத் தட்டிக்கொண்டே, பிறகு இடது கை தொடையில். இடது கை அசையாமல் முதன்முறை 'க' தனியாக விழுந்தபோது அவரே நிறுத்திவிட்டார். என்ன நடந்தது என்று என்னைப் பார்த்தார். குச்சியை அன்றைக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை.

மிருதங்கக்காரன் மறுபடியும். அப்படியென்றால் நான் சொன்னதுதானே சரி?

நொட்டேஷன் விஷயத்தில் இல்லை. நாளைக்கே யாராவது ஒரு தாளை நீட்டி வாசிக்கச் சொன்னால் என் மாணவர் வாசிப்பார். நீங்கள் யாராவது சொல்லிக் காட்டும்வரை காத்திருப்பீர்கள். மற்றதெல்லாம் உங்களுக்கே விட்டுக்கொடுத்தேன், சந்தோஷமா?

கிரேடு தேர்வு அவசியமா?

இல்லை. தேதி ஒன்று இருந்தால்தான் பயிற்சி செய்வேன் என்கிறவர்களுக்கு உதவும்.

நல்ல ஆசிரியரை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் வகுப்பில் அவர் எவ்வளவு நேரம் வாசித்தார், உங்களை எவ்வளவு நேரம் வாசிக்க விட்டார் என்று பாருங்கள். அரை மணியில் இருபது நிமிடம் அவரே வாசித்தால் அது கச்சேரி. நீங்கள் வாசிக்கும்போது அவர் கண் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். உங்கள் விரல்மேல் இருக்க வேண்டும், போன்மேல் இல்லை. அறையில் அடைப்பான் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஐந்து வயதுப் பையனின் அம்மா மறுபடியும். இப்போது தகிட சொல்லிக்கொடுத்தேன். 'கி'யை விழுங்கச் சொன்னால் எச்சிலை விழுங்குகிறான்.

விழுங்கட்டும். நேரம் சரியாக விழுகிறதா என்று மட்டும் பாருங்கள்.